கண்ணாடியில் படியும் பாசி: துடைப்பதற்கு முன் படித்துப் பார்ப்போம்

பள்ளியில் மீன் தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள் குறுவள மையக் கூட்டங்களில் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “கண்ணாடியெல்லாம் பாசி பிடித்துவிடுகிறது. என்ன ஊற்றினால் போகும்?” எங்கள் நடுநிலைப் பள்ளியின் அறிவியல் அறையில் இரண்டடி நீளமுள்ள தொட்டி ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் நான் சொல்லும் பதில்: எதையும் ஊற்ற வேண்டாம், முதலில் அது எந்தப் பாசி என்று பாருங்கள்.

இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளித் தொட்டிகளில் மீன்கள் பாசியால் இறப்பது குறைவு. பாசியைப் போக்க நாம் செய்யும் வேலையால் இறப்பதே அதிகம். ஆண்டு விழாவோ பார்வையாளர் வருகையோ நெருங்கும்போது தொட்டியை முழுவதும் காலி செய்து, கூழாங்கல்லைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விடுகிறோம். அன்று தொட்டி பளபளக்கிறது. இரண்டு மூன்று நாளில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன, பிறகு மிதக்கின்றன. “சுத்தம் செய்தோமே டீச்சர், ஏன் செத்துப்போச்சு?” என்று கேட்கும் குழந்தைக்கு நாம் சரியான பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கண்ணாடியில் படிந்திருக்கும் பாசியிலிருந்தே தொடங்குகிறது.

பாசிக்கு என்ன வேண்டும்?

பாசி வளர மூன்று தேவை: ஒளி, ஊட்டம், நேரம். ஒளி சன்னலிலிருந்தோ விளக்கிலிருந்தோ வருகிறது. ஊட்டம் நாம் போடும் மீன் உணவிலிருந்து வருகிறது. மீன் உண்டு கழித்தது, உண்ணாமல் அடியில் தங்கியது, அழுகிய இலை ஆகிய அனைத்தும் சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரேட் அந்த அளவுக்குத் தீங்கானதன்று. ஆனால் அது தாவரத்துக்கும் பாசிக்கும் உரம். உணவிலுள்ள பாஸ்பரஸ் பாஸ்பேட்டாக நீரில் சேர்கிறது. அதுவும் உரமே.

பாடநூலில் நாம் வட்டமாக வரையும் நைட்ரஜன் சுழற்சி தொட்டிக்குள் நம் கண்முன்னே நடக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவும்போது அந்தச் சுழற்சியைச் செய்யும் பாக்டீரியாக்களை ஒட்டுமொத்தமாக அழித்துவிடுகிறோம். பாக்டீரியா மறுபடி பெருகச் சில வாரங்கள் ஆகும். மீன்களோ மறுநாளும் கழிவை வெளியிடுகின்றன. அம்மோனியாவை மாற்ற ஆளில்லை. போதாக்குறைக்குக் குழாய் நீரிலுள்ள குளோரின் செவுள்களைப் புண்ணாக்குகிறது. சுத்தம் செய்த தொட்டியில் மீன் சாவதற்குக் காரணம் இதுதான்.

பாசி இருப்பது நோய் அன்று. ஒளியும் ஊட்டமும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதைக் காட்டும் கணக்கு அது. எந்த நிறத்தில், எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், மிஞ்சியது எது என்றும் ஓரளவு சொல்லிவிடலாம்.

விரலும் கண்ணும் போதும்

பாசியை அடையாளம் காண நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சோதனைகள் நான்கு: நிறம் என்ன? விரலால் தேய்த்தால் வருகிறதா? எங்கே இருக்கிறது? மணம் உண்டா? இந்த நான்கையும் கொண்டு, நம் தொட்டிகளில் வழக்கமாகக் காணும் வகைகளைப் பிரித்துவிடலாம்.

பழுப்புத் தூள். புதிதாக அமைத்த தொட்டியில் முதல் சில வாரங்களில் கண்ணாடி, கல், இலை எல்லாவற்றின்மீதும் பழுப்பு மஞ்சள் நிறத்தில் புழுதி படிந்ததுபோல் இருக்கும். விரலால் தொட்டாலே வந்துவிடும். இவை டயாட்டம்கள். இவற்றின் செல்சுவர் சிலிக்காவால் ஆனது. கண்ணாடிக்கும் அடிப்படைப் பொருள் சிலிக்காதான் என்று சொன்னால் குழந்தைகளின் கண்கள் விரியும். புதிய மணலிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கும் சிலிக்கா தீரும்போதும், தாவரங்கள் வேரூன்றும்போதும் இவை பெரும்பாலும் தாமாகவே குறைந்துவிடும். மென்மையாகத் துடைத்துவிட்டுப் பொறுத்திருந்தால் போதும்.

பச்சைப் படலம். கண்ணாடி முழுவதும் மெல்லிய பச்சைத் தூள் பூசியதுபோல் படியும். எளிதில் துடைக்கலாம், இரண்டு மூன்று நாளில் மறுபடியும் வரும். இப்பாசிகளில் பல, நீந்தும் இயங்கு ஸ்போர்களை வெளிவிடுகின்றன. அவை மீண்டும் கண்ணாடியில் ஒட்டி முளைக்கின்றன. வெளிச்சம் தேவைக்கு மேல் கிடைக்கிறது என்பதே இதன் செய்தி.

பச்சைப் புள்ளி. கண்ணாடியில் வட்ட வட்டமாக, மிளகைவிடச் சிறிய அடர்பச்சைப் புள்ளிகள். விரலால் எவ்வளவு தேய்த்தாலும் வராது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மெல்ல வளரும் வகை இது. நீண்ட நாள் நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் தோன்றும். மீனுக்கு எந்தத் தீங்கும் இல்லை.

பச்சை இழை. தலைமுடிபோலவோ நூல்போலவோ நீளமாக வளர்ந்து கண்ணாடியின் ஓரத்திலும் செடிகளிலும் தொங்கும். ஸ்பைரோகைரா, ஊடோகோனியம், கிளாடோஃபோரா போன்றவை இவ்வகை. விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் ஸ்பைரோகைரா வழுவழுப்பாகவும் கிளாடோஃபோரா சொரசொரப்பாகவும் இருக்கும். இவற்றைக் குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம்.

நீலப்பச்சைப் படலம். கூழாங்கல்லும் கண்ணாடியும் சேரும் இடத்தில் தொடங்கி, வழுவழுப்பான போர்வைபோல் பரவும். நிறம் நீலங்கலந்த கரும்பச்சை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாளாக உரிந்து வரும். சேற்று வாடை அடிக்கும். இது உண்மையில் பாசியே அன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. பாடநூல்களில் நீலப்பசும்பாசி என்றும் சயனோபாக்டீரியா என்றும் குறிப்பிடப்படுவது இதுவே. அடியில் கழிவு தேங்கியிருக்கிறது, நீரோட்டம் போதவில்லை என்பதற்கு இது அடையாளம். இவற்றில் சில இனங்கள் நச்சுப்பொருள்களை உண்டாக்கக்கூடியவை என்பதால், இதை மட்டும் ஆசிரியரே கையுறை அணிந்து எடுப்பது நல்லது.

கருந்தூரிகை. வடிகட்டியின் நீர் வெளிவரும் வாய், இலையின் விளிம்பு, கண்ணாடியின் ஓரம் ஆகிய இடங்களில் கறுப்புத் தூரிகை முடிபோல் குச்சம் குச்சமாக நிற்கும். பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் இது சிவப்புப் பாசி வகுப்பைச் சேர்ந்தது. சிறு துண்டை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் பச்சையம் கரைந்து வெளியேற, சிவப்பு நிறமி எஞ்சிச் செந்நிறமாகத் தெரியும். இலையில் ஸ்டார்ச் சோதனை செய்யும்போது ஆல்கஹாலில் பச்சையத்தை நீக்குகிறோமே, அதே கொள்கைதான். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அருகில் நெருப்பு இல்லாமல், ஆசிரியரே செய்து காட்ட வேண்டும்.

பச்சை நீர். கண்ணாடி சுத்தமாக இருக்கும். தண்ணீரே பச்சையாக இருக்கும். மிதக்கும் ஒருசெல் பாசிகள் இதற்குக் காரணம். நேரடி வெயில் விழும் தொட்டிகளில் இது மிகுதி.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. நீர்மட்டக் கோட்டை ஒட்டி வெள்ளையாகப் படியும் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் பள்ளிகளில் இது தவிர்க்க முடியாதது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கொஞ்சம் சுரண்டி எடுத்து, தொட்டிக்கு வெளியே ஒரு தட்டில் வைத்து, வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக் கரையும். பாசி அப்படிக் கரையாது. அமிலமும் கார்பனேட்டும் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடு வெளிவரும் பாடத்துக்கு இதைவிட எளிய மாதிரி தேடத் தேவையில்லை.

நுண்ணோக்கியில் ஒரு துளி

கண்ணால் பிரித்த வகையைப் பள்ளி நுண்ணோக்கியில் உறுதிசெய்யலாம். ஃபோல்ட்ஸ்கோப் எனும் காகித நுண்ணோக்கி இருந்தாலும் போதும். பழுப்புத் தூளில் படகுபோன்ற டயாட்டம்களைப் பார்க்கலாம். சில மெல்ல நகர்வதையும் காணலாம். இழைப்பாசி ஸ்பைரோகைராவாக இருந்தால் செல்லுக்குள் பசுங்கணிகம் ரிப்பன்போல் சுருண்டிருக்கும். நீலப்பச்சைப் படலத்தில் ஆசிலட்டோரியா போன்ற இழைகள் இருந்தால் அவை மெதுவாக ஊசலாடும். அந்தச் செல்களுக்குள் உட்கருவைத் தேடினாலும் கிடைக்காது. புரோகேரியோட், யூகேரியோட் வேறுபாட்டை அட்டவணையில் மனப்பாடம் செய்த குழந்தை அதை நேரில் தேடிப் பார்க்கும் தருணம் அது.

1674ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக், தம் ஊருக்கு அருகிலிருந்த ஏரி நீரைத் தாமே செய்த லென்ஸில் பார்த்து, சுருள் சுருளான பச்சைக் கோடுகளைப் பற்றி எழுதினார். அது ஸ்பைரோகைராவாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அவ்வளவு தொலைவு போகாமல் நம் ஊர்க் கதையையும் சொல்லலாம். இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) சென்னையில் பணியாற்றியவர். ஃப்ரிட்சியெல்லா எனும் பாசியை 1932இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி.வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய ‘சயனோஃபைட்டா’ எனும் நூல், நீலப்பசும்பாசிகளைப் பற்றிப் பல நாட்டு ஆய்வாளர்களும் எடுத்துப் புரட்டிய நூல். நாம் துடைத்து எறிவதை வாழ்நாள் முழுவதும் படித்தவர்கள் நம் மாநிலத்தில் இருந்தார்கள் என்று தெரிந்தால், குழந்தைகள் அந்தப் பச்சையை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கட்டுப்படுத்தும் வரிசை

பாசியை முற்றிலும் ஒழிக்க முடியாது. ஒழிக்கத் தேவையும் இல்லை. குறைக்கலாம். அதற்கு நான் பின்பற்றும் வரிசையைத் தருகிறேன். மேலே உள்ளதைச் செய்யாமல் கீழே உள்ளதைச் செய்வதில் பயன் குறைவு.

முதலாவது, ஒளி. நேரடி வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். நீர் நிறைந்த தொட்டியை நகர்த்தக் கூடாது. கண்ணாடி விரிசல் விடும். மாற்ற இயலாவிட்டால், சன்னல் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்புத் தாளை ஒட்டிவிடுங்கள். விளக்கு இருந்தால் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். காலை மணி அடிக்கும்போது போட்டு, மாலை மணி அடிக்கும்போது அணைத்துவிடுவது எளிய ஏற்பாடு.

இரண்டாவது, உணவு. இரண்டு நிமிடத்தில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவு மட்டும், நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை. பள்ளித் தொட்டியில் உணவு மிகுவதற்குக் காரணம் அன்புதான். ஒவ்வொரு குழந்தையும் ஒரு சிட்டிகை போட விரும்பும். அதனால் எங்கள் வகுப்பில் ‘உணவுப் பொறுப்பாளர்’ ஒருவர் வாரம்தோறும் மாறுவார். அன்றைய உணவு சிறிய டப்பாவில் அளந்து வைக்கப்பட்டிருக்கும். டப்பா காலியாக இருந்தால் அன்றைக்கு யாரும் போடக் கூடாது. பள்ளி இல்லாத ஞாயிறு மீன்களுக்கு விரத நாள். நலமான வளர்ந்த மீனுக்கு அதனால் கேடில்லை.

மூன்றாவது, நீர் மாற்றம். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். இங்கே கணிதப் பாடமும் வந்துவிடுகிறது. 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் கொண்ட தொட்டியின் கன அளவு 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். கால் பங்கு 13.5 லிட்டர், ஏறத்தாழ ஒரு வாளி. நான்கு வாரம் இப்படி மாற்றினால் பழைய நீரில் எவ்வளவு எஞ்சும் என்று கேளுங்கள். நான்கு முறை கால் பங்கு என்றால் ஒன்றுமே மிஞ்சாது என்று பலர் உடனே சொல்வார்கள். முக்காலை நான்கு முறை பெருக்கிப் பார்த்தால் சுமார் 32 விழுக்காடு மிஞ்சும் என்று தெரியும். மெல்ல மாறுவதால்தான் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அதிர்ச்சி இல்லை.

நீரைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்தால் கழிவும் சேர்ந்து வரும். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒரு முனையை நீருக்குள்ளும் மறுமுனையை வாளியிலும் திறந்தால் தானாக ஓடும். எடுத்த நீரைப் பள்ளித் தோட்டத்துக்கு ஊற்றுங்கள். அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு உரம். புதிதாக ஊற்றும் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கலாம். அகன்ற வாளியில் திறந்தபடி ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள்.

நான்காவது, செடிகள். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்ற வேகமாக வளரும் நீர்த்தாவரங்கள் பாசிக்குப் போக வேண்டிய ஊட்டத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கும் ஹைட்ரில்லா கையருகில் இருக்கும்.

ஐந்தாவதாகத்தான் துடைத்தல் வருகிறது. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்து, பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே பாசியை மேய மீனுக்கும் நத்தைக்கும் இடம் இருக்கட்டும். தூளாகப் படிந்த பாசிக்குச் சோப்புப் படாத புதிய பஞ்சு போதும். பச்சைப் புள்ளிக்குப் பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பு நன்றாக வேலை செய்யும். பிளேடு தேவைப்பட்டால் ஆசிரியர் மட்டும் பயன்படுத்த வேண்டும். பஞ்சில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கண்ணாடியில் கீறல் விழும். அடிப்பகுதியில் தேய்க்கும்போது கவனம். துடைத்து முடித்த பிறகு நீர் மாற்றினால், உதிர்ந்த பாசியும் வெளியேறிவிடும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்தெடுங்கள். பாக்டீரியா பிழைக்கும்.

பச்சை நீருக்கும் நீலப்பச்சைப் படலத்துக்கும் ஒரு தனி வழி உண்டு. படலத்தை இயன்றவரை எடுத்துவிட்டு, தொட்டியைக் கனமான துணியால் மூடி மூன்று நாள் இருட்டில் வைப்பது. அப்போது காற்றுக் குழாய் நிற்காமல் ஓட வேண்டும். மடிந்த பாசி அழுகும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். துணியை எடுத்ததும் கால் பங்கு நீரை மாற்றிவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

மயில்துத்தம் போட்டால் பாசி போகும் என்று சிலர் சொல்வார்கள். பாசி போவது உண்மைதான். தாமிரம் நத்தையையும் இறாலையும் கொல்லும். அளவு சற்றுக் கூடினால் மீனையும் கொல்லும். ஒரே நாளில் மடிந்த பாசி அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடும். ஒளியும் ஊட்டமும் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் பாசி திரும்பி வரும். நீலப்பச்சைப் படலத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக் கரைத்து ஊற்றுவதும் கூடாது. அது நல்ல பாக்டீரியாவையும் தாக்கும். மருந்தை எதிர்த்து வாழும் பாக்டீரியா உருவாகவும் வழி செய்யும்.

‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீனை வாங்கிப் போடுவது மற்றொரு வழக்கம். கடையில் விரல் நீளம் இருக்கும் அந்த மீன் ஓரடிக்கு மேல் வளரும். பெரிதானதும் பாசியைவிட நாம் போடும் உணவையே தேடும். அதன் கழிவோ பாசிக்கு மேலும் உரமாகும். தொட்டியில் இடம் போதாதபோது இரக்கப்பட்டு யாரோ அதை ஏரியில் விடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. அதன் முள் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. தொட்டி மீனையோ செடியையோ குளத்தில் விடக் கூடாது என்பதைப் பள்ளித் தொட்டியின் முதல் விதியாக எழுதி ஒட்டுங்கள். பாசியை மேய உங்கள் பகுதிக் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டால் போதும்.

பாதுகாப்புக்கும் சில விதிகள் உண்டு. கையை உள்ளே விடும் முன் விளக்கையும் மோட்டாரையும் அணைத்துப் பிளக்கை எடுத்துவிட வேண்டும். கையில் புண் உள்ளவர்கள் தொட்டியில் கைவிடக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலைக்கு முன் வெறும் நீரில் கழுவினால் போதும், சோப்பு தொட்டிக்குள் போகக் கூடாது.

வகுப்பறையில் மூன்று செயல்பாடுகள்

தாள் உருவம். கறுப்புத் தாளில் நட்சத்திரமோ வகுப்பின் எண்ணோ வெட்டி, வெளிச்சம் விழும் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் அந்தப் பக்கத்தைத் துடைக்காதீர்கள். தாளை எடுத்தால், சுற்றிலும் பச்சை படர்ந்து, தாள் மறைத்த இடம் வெளிறித் தெரியும். ஒளி இல்லாமல் பாசி இல்லை என்பதைக் குழந்தைகள் தாமே வாசித்துவிடுவார்கள்.

கண்ணாடி வில்லை. நுண்ணோக்கிக்கான கண்ணாடி வில்லைகளை நூலில் கட்டி, வெளிச்சமான இடத்திலும் நிழலிலும் நீருக்குள் தொங்கவிடுங்கள். வாரம் ஒன்றாக எடுத்துப் பாருங்கள். முதல் வாரம் யார் வந்தார்கள், மூன்றாம் வாரம் யார் இருக்கிறார்கள் என்று வரைந்து வைக்கலாம். ஆறுகளிலும் ஏரிகளிலும் ஒட்டுப்பாசிகளை ஆராய்வோர் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள்.

ஐந்து பாட்டில்கள். ஒரே அளவுள்ள தெளிந்த பாட்டில்கள் ஐந்தை எடுங்கள். நான்கில் தொட்டி நீர், ஐந்தாவதில் ஒரு நாள் வைத்திருந்த குழாய் நீர். முதலாவது வெயில்படும் சன்னலில். இரண்டாவது அதே இடத்தில் கறுப்புத் தாள் சுற்றி. மூன்றாவதில் ஒரு சிட்டிகை டி.ஏ.பி. உரம், நான்காவதில் ஹைட்ரில்லா, ஐந்தாவது அப்படியே. மீன் எதிலும் வேண்டாம். எது முதலில் பச்சையாகும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து ஒப்பிடுங்கள். உரம் போட்ட பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் கலக்கும் குளம் ஏன் பச்சையாகிறது, ஒருநாள் காலையில் அங்கே மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று பேசலாம். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி இரவில் சுவாசிக்க மட்டுமே செய்கிறது. அதனால் விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். கோடையில் நிலைமை இன்னும் மோசம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.6 மில்லிகிராம்தான்.

இந்தச் செயல்பாடுகளுக்குப் புதிதாக வாங்க வேண்டிய பொருள் அனேகமாக எதுவும் இல்லை. வானவில் மன்றச் செயல்பாடுகளோடும், தாவர உலகம், நுண்ணுயிரிகள், சுற்றுச்சூழல் பாடங்களோடும் இவை இயல்பாகவே பொருந்தும்.

விடுமுறைக்கு முன்

தொட்டிக்குச் சோதனையான காலம் விடுமுறைதான். விடுமுறை விடும் நாளில் ஒரு வாரத்துக்கான உணவை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகக் கூடாது. அது அழுகி, முதலில் அம்மோனியாவாகவும் பிறகு பாசியாகவும் மாறும். ஒரு வார விடுமுறைக்கு உணவே போடாமல் விளக்கை மட்டும் அணைத்துச் செல்லலாம். காற்றுக் குழாயும் வடிகட்டியும் ஓட வேண்டும். அதைவிட நீண்ட விடுமுறைக்குப் பள்ளி அருகில் வசிப்பவர் ஒருவரிடம் அளந்து பொட்டலம் கட்டிய உணவைக் கொடுத்து வைக்கலாம். கோடை விடுமுறையில் மீன்களை யார் வீட்டில் பார்த்துக்கொள்வது என்பதை மார்ச் மாதமே முடிவு செய்துவிடுங்கள்.

தொட்டி அருகே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். தேதி, விளக்கு எரிந்த நேரம், போட்ட உணவு, மாற்றிய நீர், கண்ணாடியில் கண்ட நிறம் என ஐந்தே கட்டங்கள். ஒரு பருவம் முடியும்போது அந்தப் பக்கங்களைப் புரட்டினால், எந்த வாரத்தில் பச்சை கூடியது, அதற்கு முந்தைய வாரத்தில் என்ன மாறியது என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். எங்கள் குறிப்பேட்டில் பச்சை மிகுந்த வாரங்களின் முன்பக்கத்தைப் புரட்டினால், உணவுக் கட்டத்தில் பெரும்பாலும் யாரோ ஒருவரின் பிறந்தநாள் இருக்கும். மீனுக்கும் அன்று விருந்து!

பார்வையாளர் வரும் நாளில் கண்ணாடியின் மூலையில் கொஞ்சம் பாசி இருந்தால் இருக்கட்டும். அது என்ன பாசி, ஏன் அங்கே வந்தது என்று சொல்ல ஒரு மாணவியைத் தொட்டியருகே நிறுத்துங்கள். வருகிறவர் கேட்டுவிட்டுப் போகட்டும்.